குடிநீர் அணை எப்படிக் கட்டுகிறார்கள்? பூண்டியை வைத்து ஓர் எளிய விளக்கம்

சென்னைக் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு, நகரத்துக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் தேங்கி நின்றுவிட்டு வருகிறது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய அணை அது. 1939இல் சென்னை மேயரான எஸ். சத்தியமூர்த்தி, நகரம் தண்ணீருக்குத் தவித்த காலத்தில் இந்தத் திட்டத்துக்காக ஓயாமல் பாடுபட்டார். அப்போது உலகப் போர் வேறு. 1940இல் அடிக்கல் நாட்டினார்கள், 1944இல் அணை திறக்கப்பட்டது. ஆனால் 1943 மார்ச்சிலேயே அவர் இறந்துவிட்டார். நிரம்பி நிற்கும் அந்த ஏரியை அவர் பார்க்கவே இல்லை. இன்று அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

அணை என்றதும் இரண்டு மலைகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் பெரிய சுவர்தான் நம் மனதில் வரும். பூண்டி அப்படி இருக்காது. நீண்டு கிடக்கும் தாழ்ந்த கரை, அதன் ஒரு பகுதியில் வரிசையாக 16 மதகுகள், அவ்வளவுதான். முழுதாக நிரம்பினாலும் ஆழம் 35 அடி. ஆனாலும் ஓர் அணைக்குப் போடவேண்டிய கணக்கு எல்லாமே அதற்கும் உண்டு. அந்தக் கணக்கை ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: தேக்கிய தண்ணீர் எந்தெந்த வழியாக வெளியே போகப் பார்க்கும்? குழாய் வழியாகப் போகும். வெயிலில் ஆவியாகப் போகும். கரைக்கு மேலே, கரைக்கு உள்ளே, கரைக்கு அடியிலே என்று எல்லாப் பக்கமும் வழி தேடும். இதில் முதல் வழி ஒன்றுதான் நமக்கு வேண்டும். மற்றவற்றை அடைப்பதும், அடைக்க முடியாததைப் பத்திரமாக நடத்திக்கொண்டு போவதும்தான் அணை வடிவமைப்பு.

எவ்வளவு தண்ணீர்?

கணக்கை அணையில் தொடங்கக் கூடாது, வீட்டுக் குழாயில் தொடங்க வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. ஒரு லட்சம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 1.35 கோடி லிட்டர். வருஷத்துக்கு ஏறத்தாழ 493 கோடி லிட்டர்.

இந்த இடத்தில் அளவைப் பெயர்களைப் பழகிக்கொள்வது நல்லது. அணைக்காரர்கள் லிட்டரில் பேசமாட்டார்கள். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. அப்படிப் பார்த்தால் நம் ஊருக்கு வருஷத்துக்கு 174 மில்லியன் கன அடி வேண்டும். குழாய்களில் கசிந்து போவதற்காக 15 சதவீதம் கூட்டினால் 200. அணையை இன்றைக்காக யாரும் கட்டுவதில்லை, குறைந்தது 30 வருஷம் கழித்து இருக்கப்போகும் ஊருக்காகக் கட்டுவார்கள். அதற்குள் மக்கள்தொகை இரட்டிப்பாகும் என்று வைத்தால் 400.

சென்னையின் விநியோகம் நாளைக்கு 100 கோடி லிட்டர் அளவில் இருக்கும்போது மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. செலவாகிறது. பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, அதாவது மூன்றே கால் டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு பெரிய ஏரி ததும்ப நின்றாலும், அதை மட்டும் நம்பினால் நகரத்துக்கு மூன்று மாதம்தான் வரும். முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

குதிர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சரி, வருஷத் தேவை தெரிந்துவிட்டது. அதே அளவு தேக்கினால் போதுமா?

வீட்டில் நெல் சேர்த்து வைக்கும் குதிரை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு போகம்தான் விளையும், சாப்பாடோ தினமும் வேண்டும். சென்னைப் பக்கத்து மழையும் அப்படித்தான். ஆண்டு சராசரி 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் கொசஸ்தலை பெரும்பாலும் மணல்.

எளிய எண்களில் பார்ப்போம். ஒரு ஊருக்கு மாதம் 30 பங்கு தண்ணீர் தேவை. மழைக்காலம் மூன்று மாதம். நல்ல வருஷத்தில் மொத்தம் 450 பங்கு வந்து சேரும். மீதி ஒன்பது மாதமும் வரத்து இல்லை. அந்த ஒன்பது மாதத்துக்கு 270 வேண்டும், ஆகவே 270 பிடிக்கும் ஏரி போதும் என்று தோன்றும். நல்ல வருஷங்களில் போதும்தான். இப்போது ஒரு வருஷம் மழை பொய்த்து 200 மட்டுமே வருகிறது என்று வையுங்கள். அந்த மழைக்காலத்திலேயே 90 செலவாகிவிடும், கையில் 110. அடுத்த ஒன்பது மாதத்துக்கு வேண்டியது 270. பாதி வழியில் ஏரி வறண்டு போகும். அதைத் தாங்க வேண்டுமானால், முந்தைய ஆண்டு மிச்சத்தில் 160 பங்கு ஏரியிலேயே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் ஏரியின் அளவு 430. ஒரே ஒரு பஞ்ச ஆண்டுக்காகக் குதிர் ஒன்றரை மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது.

இதையே பல பத்தாண்டு மழைக் கணக்கை வைத்து வரைபடமாகப் போடும் முறையை 1883இல் ரிப்பிள் என்ற பொறியாளர் முன்வைத்தார். ஆற்றில் மொத்தமாக வந்து சேர்ந்த தண்ணீரை ஒரு கோடாகவும், ஊருக்குக் கொடுத்த மொத்தத் தண்ணீரை இன்னொரு கோடாகவும் வரைந்து, வறட்சியில் வரத்து செலவைவிட எவ்வளவு தூரம் பின்தங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பின்னடைவில் மிகப் பெரியது எதுவோ, அதுவே ஏரியின் குறைந்தபட்ச அளவு. இன்று கணினியில் செய்கிறார்கள், அடிப்படை அதேதான். சராசரி மழையை நம்பி அளவு குறித்தால் ஏமாந்துபோவோம். குடிநீர் ஏரியின் அளவை முடிவு செய்வது, பதிவில் உள்ள மிக மோசமான வருஷம்.

2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்குமே ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன 100 கோடியோடு ஒப்பிட்டால் அது ஒரு சதவீதத்தில் கால் பங்கு. ஏரி செய்யும் வேலையை வண்டியால் செய்ய முடியாது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

வெயிலும் தன் பங்கைக் கேட்கும். பத்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் ஒரு நாளைக்கு வெறும் 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 5 கோடி லிட்டர் போய்விடும். மூன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரு நாள் தேவை அது. கிருஷ்ணா நதி நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டத்திலேயே இது அப்பட்டமாகத் தெரியும். மூன்று மாநிலங்கள் தலைக்கு 5 டி.எம்.சி. வீதம் 15 கொடுக்கின்றன. தமிழக எல்லைக்கு வந்து சேர வேண்டியது 12. மீதி 3 வழியிலேயே ஆவியாகவும் கசிவாகவும் போய்விடும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். 1996இல் வரத் தொடங்கிய அந்தத் தண்ணீர் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் ஓடிவந்து இறங்குவதும் பூண்டியில்தான்.

இதோடு வண்டலும் இருக்கிறது. ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவராது. அணையின் அடியில் கொஞ்சம் இடத்தை வண்டலுக்கென்றே எழுதி வைத்துவிட்டு, அதற்கு மேலே உள்ளதைத்தான் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பார்கள்.

எந்த இடம்?

ஆறு குறுகி, அதற்கு மேற்புறம் நிலம் அகன்று விரிந்தால் அதுதான் பொறியாளருக்குப் பிடித்த இடம். சின்னச் சுவர், பெரிய ஏரி. ஊரைவிட உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் தானாகவே இறங்கி வரும், பம்பு ஓட்டும் செலவு மிச்சம். திருவள்ளூர் சமவெளியில் மலையிடுக்கு கிடையாது. அதனால்தான் பூண்டியில் கரை நீளமாகவும் ஏரி ஆழமில்லாமலும் அமைந்தது. ஆழமில்லாத ஏரியில் தண்ணீரின் அளவுக்கு மேற்பரப்பு அதிகம், ஆகவே வெயிலுக்குப் போகும் பங்கும் அதிகம். இருக்கிற நிலத்தில் கிடைத்த இடம் அது.

எந்த ஏரியும் காலி நிலத்தில் நிற்பதில்லை. பூண்டி நீர்த்தேக்கம் எடுத்துக்கொண்ட நிலத்தில் சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் சிவன் கோயிலும் இருந்தது. கண்பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் என்று சொல்வார்கள். கோயிலைப் பெயர்த்து வந்து பூண்டியில் மறுபடி அமைத்தார்கள். ஊன்றீஸ்வரர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். கோயிலைப் பெயர்த்து நடலாம். வயலையும் கிணற்றையும் அப்படிச் செய்ய முடியாது. அணைத் திட்டத்தின் செலவுப் பட்டியலில் சிமெண்டுக்குப் பக்கத்திலேயே, அதே அக்கறையோடு, அங்கே வாழ்ந்தவர்களின் பெயரும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர் எப்படித் தள்ளுகிறது?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. பத்து கிலோமீட்டர் நீளமான ஏரி, நூறு மீட்டர் நீளமான குளத்தைவிட அதிகமாக அணையைத் தள்ளும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. ஏரி எவ்வளவு தூரம் பின்னால் விரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல.

ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் ஏறும். மேற்பரப்பில் ஒன்றுமில்லை, அடியில் முழு அழுத்தம். எனவே 10 மீட்டர் ஆழத் தண்ணீர், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 50 டன் விசையோடு தள்ளும். ஆழம் 20 மீட்டரானால் 100 டன் அல்ல, 200 டன். ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. அணையைக் குப்புறக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பு விசையோ எட்டு மடங்கு. கான்கிரீட் அணைகள் மேலே ஒடுங்கி அடியில் அகன்று முக்கோணமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தள்ளும் விசையே முக்கோணமாகத்தான் ஏறுகிறது.

இந்த வகை அணை தன் எடையால்தான் நிற்கிறது. 20 மீட்டர் உயரம், 16 மீட்டர் அடி அகலம் உள்ள முக்கோணத்தை எடுத்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் எடை 384 டன். தள்ளுவது 200 டன். பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடியில் ஒரு திருடன் இருக்கிறான்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும், குடம் நீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கும், வெளியே வந்ததும் கனக்கும். அதே காரியம் அணைக்கும் நடக்கும். பாறையின் வெடிப்புகள் வழியாக ஏரித் தண்ணீர் அணைக்கு அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்கும். நம் கணக்கில் அது 160 டன் வரை போகலாம். 384இல் மிச்சம் 224. எடையில் 40 சதவீதத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டிய உராய்வும் அதற்கேற்பக் குறையும். அணை இப்போது ஆபத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தூக்கும் விசையைப் பல பொறியாளர்கள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. பிரான்சில் பூஸே அணை 1895இல் உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அது பெரிய விவாதமானது. அதற்கு முன்பே, லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் தர 1880களில் வேல்ஸ் நாட்டில் கட்டிய வர்ன்வி அணையில், அடியில் புகும் தண்ணீரை வடித்து வெளியே விடச் சுரங்க வழிகள் வைத்திருந்தார்கள். இன்று பெரிய கான்கிரீட் அணைகளுக்குள் ஆள் நடந்து போகும் அளவுக்குச் சுரங்கப் பாதை இருக்கும். அதன் தரையிலிருந்து பாறைக்குள் துளைகள் இறங்கும். கசிவு அங்கே வந்து வடியும், அழுத்தம் தணியும், ஒருவர் அதைத் தினமும் அளப்பார்.

ஒரு நள்ளிரவு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு 1913இல் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்தவர் வில்லியம் முல்ஹாலண்ட். கல்லூரியில் படிக்காதவர், வாய்க்கால் வேலையாளாகத் தொடங்கித் தானாகவே கற்றுத் தலைமைப் பொறியாளரானவர். அவசரத் தேவைக்கு நகரத்தின் அருகே தண்ணீரைச் சேமிக்க செயின்ட் பிரான்சிஸ் அணையை 1924இல் தொடங்கி 1926இல் முடித்தார். கட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்கட்டும் என்று உயரத்தை இரண்டு முறை பத்துப் பத்து அடி கூட்டினார்கள். அடி அகலத்தைக் கூட்டவில்லை. மேலே சொன்ன நான்கு மடங்கு, எட்டு மடங்கு கணக்கை நினைத்துப் பாருங்கள்.

அதைவிட மோசம், கீழே இருந்த பாறை. ஒரு பக்கக் கரை, தண்ணீரில் ஊறினால் இளகும் சிவப்புப் பாறை. மறுபக்கம் பழங்காலத்தில் சரிந்து வந்து நின்ற மலைச்சரிவு. 1928 மார்ச் 12 காலை, அணைக் காவலர் புதிதாக, கலங்கலாக ஒரு கசிவைப் பார்த்து, கரை உள்ளே கரைகிறதோ என்று பயந்து தகவல் அனுப்பினார். முல்ஹாலண்டே நேரில் வந்தார். கலங்கல் நிறம் பக்கத்துச் சாலையின் மண்ணால் வந்தது, கசிவு தெளிவாகத்தான் இருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்பட்டுத் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணை உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணையில் பழியை அவர் யார் மேலும் தள்ளவில்லை, தானே ஏற்றுக்கொண்டார்.

அந்த அணை தேக்கிய தண்ணீர் பூண்டியின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் உயரம் சுமார் 60 மீட்டர். பாதித் தண்ணீர், பூண்டியைப் போல ஆறு மடங்கு ஆழம். ஆபத்து ஆழத்தில் இருக்கிறது என்று சொன்னது இதனால்தான். அணை வேலையில் பாறையைத் துளைத்துப் பார்ப்பதற்கு ஆகும் மாதங்களைத் தாமதம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

மண்ணால் கட்டினால்?

நல்ல பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இல்லாத இடத்தில் மண் அணைதான் பொருத்தம். உலகத்து அணைகளில் பெரும்பாலானவை மண் அணைகளே. நம் ஏரிக்கரை எல்லாமே அந்தக் குடும்பம். மண் கரை அகலமாகப் படுத்துக் கிடப்பதால், பாரம் பரவிப் போய் அடிநிலத்தை அதிகம் அழுத்தாது.

மண் என்றால் தண்ணீர் ஊறும். அதை முழுதாக நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். அதற்குத்தான் கரையின் நடுவில் களிமண் சுவர் ஒன்றை அடியிலிருந்து உச்சிவரை எழுப்புகிறார்கள். ஊறும் தண்ணீர் மெதுவாக வரும்வரை பயமில்லை. அது மண் துகளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் பயம். ஒரு துகள் போன இடத்தில் வழி கொஞ்சம் அகலும், தண்ணீர் வேகம் கூடும், இன்னும் துகள் போகும். கரைக்குள் எலி வளை போல ஒரு குழாய் உருவாகிவிடும். மண் அணைகளின் பெரிய எதிரி இது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊருக்குக் குடிநீர் தரக் கட்டிய டேல் டைக் அணை, முதன்முறை நிரம்பும்போதே 1864 மார்ச் 11 இரவு உடைந்து சுமார் 240 பேரைக் கொண்டுபோனது. கரையில் விரிசல் கண்டது அன்று மாலைதான்.

இதற்கு மருந்து வடிகட்டி. களிமண் சுவருக்குப் பின்னால் பருமன் பார்த்துத் தேர்ந்த மணல் அடுக்கு, அதற்குப் பின்னால் சரளைக்கல் அடுக்கு. தண்ணீர் கடந்து போகலாம், களிமண் துகள் போக முடியாது. காபி வடிகட்டியின் வேலைதான், ஆனால் ஓட்டையின் அளவு துல்லியமாக அமைய வேண்டும்.

அடுத்தது, மண்ணை இறுக்குவது. கொட்டிய மண்ணை அப்படியே விட்டால் உள்ளே காற்று நிறைய இருக்கும். அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். எவ்வளவு ஈரம்? புட்டு மாவு பிசைந்தவர்களுக்கு இது உடனே புரியும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், கசியக் கூடாது. காய்ந்த மண் இறுகாது, அதிகம் நனைந்த மண் நெகிழும். நடுவில் ஒரு பதம் உண்டு, அந்தப் பதத்தில்தான் மண் மிக நன்றாக இறுகும். அதைச் சோதனையால் கண்டுபிடிக்கும் முறையை 1933இல் எழுதி வெளியிட்டவர் ரால்ஃப் பிராக்டர். அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குடிநீர்த் துறைப் பொறியாளர். உடைந்த செயின்ட் பிரான்சிசுக்கு மாற்றாக மண்ணில் கட்டிய பூக்கே கான்யன் அணை வேலையில் இருந்தவர். இன்று நம் ஊரில் நெடுஞ்சாலை போடும் இடத்திலும் பிராக்டர் சோதனை நடக்கிறது.

மிக ஈரமான நாள்

ஏரியின் அளவை முடிவு செய்தது மிக வறண்ட வருஷம். ஏரியின் உயிரைக் காப்பாற்றுவது மிக ஈரமான நாளுக்கான ஏற்பாடு. மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் கரை அரித்துப் போகும். அதனால் உபரி நீருக்கென்று கல்லிலோ கான்கிரீட்டிலோ தனி வழி வேண்டும். இதற்கு நம்மிடம் பழைய சொற்களே இருக்கின்றன. வேண்டிய தண்ணீரைத் திறந்து விடுவது மதகு. மிஞ்சியது தானாக வழிந்து போவது கலிங்கு, வடக்கே கலங்கல் என்பார்கள். ஒவ்வொரு கிராமத்து ஏரியிலும் இரண்டும் உண்டு.

கலிங்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இந்தியத் தர விதிகளின்படி, சின்ன அணையென்றால் நூறாண்டு வெள்ளத்தைத் தாங்க வேண்டும். கொள்ளளவு 60 மில்லியன் கன மீட்டரைத் தாண்டினால், அந்த நிலப்பகுதியில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய வெள்ளத்தையே தாங்க வேண்டும். பூண்டி 91 மில்லியன் கன மீட்டர், ஆக இரண்டாம் வகையில் வரும். நூறாண்டு வெள்ளம் என்ற பெயர் ஆளை ஏமாற்றும். நூறு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் என்று பொருள் அல்ல. எந்த ஒரு வருஷத்திலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்று பொருள். 50 வருஷம் நிற்கும் அணை அதை ஒருமுறையாவது சந்திக்க 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. குஜராத்தில் 1979 ஆகஸ்டு 11 அன்று மச்சு ஆற்று இரண்டாம் அணைக்கு, வடிவமைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெள்ளம் வந்தது. மண் கரைகளின் மேல் தண்ணீர் ஏறியது. மோர்பி நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

குடிநீர் ஏரிக்கு இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. வெள்ளம் தடுக்கும் அணையை மழைக்கு முன் காலியாக வைக்கலாம். குடிநீர் அணையைக் காலி செய்துவிட்டு அடுத்த மழை வரவில்லையென்றால் ஊர் தவிக்கும். நிரப்பியே வைத்திருந்து பெருமழை வந்துவிட்டால் ஒரேயடியாகத் திறக்க வேண்டியிருக்கும். 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றின் கரையில் இருந்தவர்களுக்கு அது என்ன ஆனது என்று சென்னைக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. எப்போது, எவ்வளவு திறப்பது என்ற விதியையும் அணையோடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்து, ஏரி முக்கால் நிரம்பியிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் துணிய வேண்டும். அதற்குத் தைரியம் மட்டும் போதாது, ஆற்றுக்கு மேற்புறம் நம்பகமான மழைமானிகளும் வேண்டும்.

கட்டுவதும் நிரப்புவதும்

வேலை பெரும்பாலும் கோடையில் தொடங்கும். ஆற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். மேற்புறம் தற்காலிகக் கரை போட்டுத் தண்ணீரைக் கால்வாயிலோ சுரங்கத்திலோ திருப்பிவிட்டு, காய்ந்த ஆற்றுப் படுகையைத் தோண்டுவார்கள். மணல், சேறு, உளுத்த பாறை எல்லாம் போய்த் திடமான அடி வரும்வரை இறங்க வேண்டும். பாறை வெடிப்புகளுக்குள் சிமெண்டுக் கரைசலை அழுத்தி ஏற்றுவார்கள். அப்புறம்தான் மேலே எழுப்பத் தொடங்குவது. கான்கிரீட் இறுகும்போது சூடாகும், மொத்தமாகக் கொட்டினால் ஆறும்போது விரிசல் விடும். அதனால் பாளம் பாளமாக, அடுக்கடுக்காகப் போடுகிறார்கள்.

குடிநீர் அணையில் தண்ணீர் எடுக்கும் கோபுரத்துக்கு ஒரே வாய் வைப்பதில்லை, வெவ்வேறு மட்டங்களில் பல வாய்கள் வைப்பார்கள். ஆழமான ஏரியின் அடித்தண்ணீரில் கோடையில் உயிர்க்காற்று தீர்ந்துபோய், இரும்பும் மாங்கனீசும் கரைந்து நிறமும் நாற்றமும் வரும். மேல்மட்டத்தில் சில சமயம் பாசி. நடுவில் எது நன்றாக இருக்கிறதோ அந்த வாயைத் திறப்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பாதி வேலை இங்கேயே குறைந்துவிடும்.

கட்டி முடித்தவுடன் நிரப்பிவிடக் கூடாது. டேல் டைக் போனது முதல் நிரப்பலில். அமெரிக்காவின் டீட்டன் அணை 1976இல் போனதும் முதல் நிரப்பலில்தான். கொஞ்சம் ஏற்றி, நிறுத்தி, கசிவை அளந்து, மறுபடி கொஞ்சம் ஏற்ற வேண்டும். கரைக்குள் புதைத்த குழாய்களில் நீர்மட்டம் பார்ப்பார்கள். கரையின் பின்புறம் வடியும் தண்ணீரை ஒரு முக்கோண வெட்டு வைத்த பலகை வழியாக ஓடவிட்டு அளப்பார்கள். அளவு கூடுகிறதா என்பது ஒரு கேள்வி. தெளிவாக இருக்கிறதா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. கலங்கலாக வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள்.

இனி நாளிதழில் ஏரிகளின் நிலவரம் வரும்போது நிதானமாகப் படித்துப் பாருங்கள். மட்டம் அடியில் இருக்கும், இருப்பு மில்லியன் கன அடியில் இருக்கும், வரத்தும் வெளியேற்றமும் விநாடிக்குக் கன அடியில் இருக்கும். 35 அடியில் பாதி மட்டம் என்றால் தண்ணீரும் பாதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏரி கீழே ஒடுங்கி மேலே விரிவதால், பாதி உயரத்தில் கால் பங்குகூட இல்லாமல் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் வரத்தும் வெளியேற்றமும் பூஜ்யம் என்று போட்டிருந்தாலும் மறுநாள் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது வெயிலுக்குப் போனது. வெயிலின் கணக்கைத் தாண்டியும் மட்டம் இறங்கினால், அணையில் இருக்கும் ஒருவர் அந்த முக்கோணப் பலகையைப் பார்க்கக் கரையின் பின்புறம் நடக்கத் தொடங்கியிருப்பார்.